பண்டிகைக் காலத்திற் கமக்காரர் இல்லத்து உணவு

ஊவா மாகாணத்தில் எல்ல, பண்டாரவளை, வெலிமடை, பசறை ஆகிய பகுதிகளில் நெல்லும் மரக்கறியும் செய்கைபண்ணும் குடும்பங்களுக்கு ஆண்டில் மூன்று பெரும் பண்டிகைகள் வருகின்றன. ஐப்பசியில் தீபாவளியும், தையிற் பொங்கலும், சித்திரையில் வருடப் பிறப்பும் அவையாம். ஆண்டு முழுவதும் மண்ணோடும் மழையோடும் போராடுபவர் இந்நாட்களில் உற்றார் உறவினரோடு கூடி உண்டு மகிழ்தல் முறையே. இவ்விதழின் நோக்கம் அம்மகிழ்ச்சியைக் குறைப்பதன்று. பண்டிகை முடிந்தபின் நோயும் கடனும் வீட்டில் தங்கிவிடாதிருக்க உணவை எவ்வாறு ஒழுங்குசெய்தல் வேண்டும் என்பதை விளக்குவதே ஆகும்.

இப்பகுதியில் ஒரு முரண்பாடு கண்கூடு. பண்டிகைக்கு முந்திய வாரத்திற் சந்தையில் மரக்கறிக்கு நல்ல விலை கிடைக்கின்றது. விடுமுறையைக் கழிக்க எல்லவிற்கு வரும் உல்லாசப் பயணிகளாலும் கேள்வி உயர்கின்றது. ஆதலின் போஞ்சி, கரட், கோவா, லீக்ஸ் யாவும் லொறியில் ஏற்றப்படுகின்றன. அப்பணத்தைக் கொண்டு சீனி, கோதுமை மா, எண்ணெய், போத்தலில் அடைத்த இனிப்புப் பானம் ஆகியவை வீட்டிற்கு வந்து சேர்கின்றன. இவ்வாறு, நாட்டிற்கு மரக்கறி அளிப்பவரின் சொந்தத் தட்டில் மரக்கறி இல்லாது போகின்றது.

பருவமும் பண்டிகையும்

எல்ல கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,040 மீற்றர் உயரத்தில் உள்ளது. வடகீழ்ப் பருவமழையே இப்பக்கத்திற்குப் பெருமழை. ஆனி முதல் ஆவணி வரை வறண்ட காற்று வீசும். ஐப்பசி, கார்த்திகையிற் பெரும்போக நெல் விதைக்கப்பட்டு, மாசி, பங்குனியளவில் அறுவடையாகும். அதன் பின் அதே வயல்களிற் சிறுபோகத்தில் உருளைக்கிழங்கும் மரக்கறியும் இடும் வழக்கம் வெலிமடைப் பக்கத்திற் பரவலாக உண்டு.

இவ்வொழுங்கை நோக்கின் மூன்று பண்டிகைகளும் மூன்று வேறு நிலைகளில் வருதல் புலனாகும். தீபாவளி வரும்போது பழைய நெல் குறைந்து, விதைப்புச் செலவு தலைமேல் நிற்கும். அப்போது செய்யப்படும் வீண்செலவு விதைநெல்லுக்கும் பசளைக்கும் வைத்த பணத்திலிருந்தே போகின்றது. தைப்பொங்கலன்று இப்பக்கத்து வயல்கள் பல இன்னும் பச்சையாகவே நிற்கும். சித்திரை வருடப் பிறப்பின்போதோ புதுநெல் வீட்டிலும் பணம் கையிலும் இருக்கும். உண்பதும் செலவழிப்பதும் மிகும் காலம் அதுவே. விதைநெல்லை அறுவடை முடிந்த கையோடு பிரித்து, உலர்த்தி, குறியிட்டு வைத்தல் வேண்டும். வீசி விதைப்பதற்கு ஏக்கருக்கு 2 புசல், அதாவது ஏறக்குறைய 40 கிலோகிராம் விதைநெல் தேவைப்படும் என்பதை மனத்திற் கொண்டு, அதனைப் பண்டிகைச் செலவின் கணக்கிற் சேர்க்காதிருத்தல் வேண்டும்.

போசணைக் குறை எங்கே உளது?

2016 ஆம் ஆண்டில் இலங்கையில் நடாத்தப்பட்ட குடித்தொகை, சுகாதார அளவாய்வின்படி, ஐந்து வயதிற்குட்பட்ட பிள்ளைகளுள் வயதுக்கேற்ற உயரம் அற்றோர் நாடு முழுவதிலும் நூற்றுக்கு 17 பேர். தோட்டப்புறத்திலோ அத்தொகை நூற்றுக்கு ஏறக்குறைய 32. வளர்ச்சி குன்றுவது ஒரு நாளில் நிகழ்வதன்று. கருவுற்ற தாயின் உணவிலும், பிள்ளையின் முதல் இரண்டு ஆண்டு உணவிலும் ஏற்படும் குறைகள் சேர்ந்தே அதனை உண்டாக்குகின்றன. ஆகவே பண்டிகை நாட்களிற் பிள்ளைக்கு வயிறு நிறையப் பணியாரம் கொடுத்துவிட்டோம் என்று திருப்தியடைதல் போதாது. வயிறு நிறைதல் வேறு, உடல் போசணை பெறுதல் வேறு.

மரக்கறியின் கணக்கு

உலக சுகாதார நிறுவனம் 2023 ஆம் ஆண்டில் வெளியிட்ட அறிவுரையின்படி, பத்து வயதும் அதற்கு மேற்பட்டவரும் நாளொன்றுக்கு 400 கிராமுக்குக் குறையாத மரக்கறியும் பழமும் உண்ணல் வேண்டும். ஆறு முதல் ஒன்பது வயதுப் பிள்ளைக்கு 350 கிராமும், இரண்டு முதல் ஐந்து வயதுப் பிள்ளைக்கு 250 கிராமும் போதுமானவை.

உதாரணமாக, முதிய தந்தை, கணவன், மனைவி, பன்னிரண்டு வயது மகள், மூன்று வயது மகன் ஆகிய ஐவர் உள்ள ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். முதல் நால்வருக்கும் 1,600 கிராம், சிறு மகனுக்கு 250 கிராம். ஆக, நாளொன்றுக்கு 1,850 கிராம். பண்டிகை வாரம் முழுவதற்கும் ஏறக்குறைய 13 கிலோகிராம் ஆகின்றது. இதில் 3 கிலோகிராம் வாழைப்பழம், பப்பாசி, கொய்யா முதலியவையாக இருப்பின், எஞ்சிய 10 கிலோகிராமே தோட்டத்திலிருந்து நிறுத்திவைக்க வேண்டியது. பல நூறு கிலோகிராம் மரக்கறியைச் சந்தைக்கு அனுப்பும் கமக்காரருக்கு இது பெரும் இழப்பன்று. ஆயினும் லொறி வருமுன் இதனை எடுத்து வையாவிடின், பின்னர் எடுக்க இயலாது.

இங்கு ஒன்று கவனிக்கத்தக்கது. உருளைக்கிழங்கு, மரவள்ளி, வற்றாளை ஆகிய மாச்சத்துள்ள கிழங்குகள் இக்கணக்கிற் சேரா. அவை சோற்றின் இனத்தைச் சேர்ந்தவை. சோற்றோடு உருளைக்கிழங்குக் குழம்பை மாத்திரம் உண்பவர் மரக்கறி உண்டவராகார்.

சமையலில் மூன்று விதிகளைக் கைக்கொள்ளல் நன்று. முதலாவது, மரக்கறியைக் கழுவிய பின்னரே அரிதல் வேண்டும். அரிந்தபின் கழுவினால் நீரிற் கரையும் உயிர்ச்சத்துக்கள் வீணாகும். இரண்டாவது, மூடிய பாத்திரத்திற் சிறிதளவு நீரில் அளவாக வேகவைத்தல் வேண்டும். மூன்றாவது, கரட், பூசணி, கீரை ஆகியவற்றைச் சிறிது தேங்காய்ப்பூவோடு சேர்த்து உண்ணல் வேண்டும். அவற்றிலுள்ள கரோட்டீன் என்னும் சத்தை உடல் ஏற்பதற்குச் சிறிது கொழுப்புத் தேவை. வல்லாரை, பொன்னாங்காணி, முருங்கையிலை ஆகியவற்றாற் செய்யும் கீரைச் சுண்டலுக்கு அடுப்பிலிருந்து இறக்கியபின் தேசிக்காய்ச் சாறு விடுதல் சாலச் சிறந்தது.

அரிசியும் பருப்பும்

விருந்து நாளில் வெண்மையான அரிசியே மதிப்பென்று எண்ணுவோர் உளர். நெல்லை மிகத் தீட்டும்போது தவிட்டோடு தயமின் முதலிய சத்துக்களும் நீங்குகின்றன. 19 ஆம் நூற்றாண்டின் இறுதியில் யாவாத் தீவிற் பணிபுரிந்த கிறிஸ்தியான் எய்க்மன் என்னும் மருத்துவர், தீட்டிய அரிசியை மாத்திரம் உண்ட கோழிகள் நரம்புத் தளர்ச்சியுற்று விழுவதையும், தவிட்டோடு கூடிய அரிசி கொடுத்தபோது தேறுவதையும் கண்டார். பெரிபெரி என்னும் நோயின் காரணத்தை அறிய அது வழிகாட்டியது. 1929 ஆம் ஆண்டில் அவருக்கு நோபல் பரிசு பகிர்ந்தளிக்கப்பட்டது. கோழிகள் கற்பித்த அப்பாடம் இன்றும் பொருந்தும். தவிடு முற்றும் நீங்காத சிவப்பரிசியும், நெல்லை அவித்து எடுத்த புழுங்கலரிசியும் மிகத் தீட்டிய பச்சையரிசியிலும் மேலானவை.

முன்னோர் வகுத்த பொங்கலில் அரிசியோடு பாசிப்பயறு சேர்ப்பது வெறுஞ் சுவைக்காக மாத்திரமன்று. அரிசியின் புரதத்தில் லைசீன் என்னும் கூறு குறைவு. பயறு, பருப்பு வகைகளில் அது நிறைய உண்டு. இரண்டும் சேரும்போது ஒன்றின் குறையை மற்றொன்று நிரப்புகின்றது. ஒரு சுண்டு அரிசிக்கு அரைச் சுண்டு வறுத்த பயறு சேர்த்தல் நல்லளவு. விலை மிகுந்த இறைச்சி வாங்க இயலாத வீட்டிலும் பருப்பு, கௌபி, முட்டை, நெத்தலிக் கருவாடு ஆகியவற்றாற் புரதத் தேவையைப் பெரும்பாலும் நிறைவுசெய்யலாம். கருவாட்டில் உப்பு மிகுதி. ஆதலின் வெந்நீரில் ஊறவைத்துக் கழுவிப் பயன்படுத்துதல் வேண்டும்.

விருந்துத் தட்டிற்கு இலகுவான அளவொன்று உண்டு. தட்டின் அரைப்பங்கு மரக்கறியும் கீரையும், காற்பங்கு சோறு அல்லது பொங்கல், எஞ்சிய காற்பங்கு பருப்பு, மீன், முட்டை என்பவற்றுள் ஒன்று. இவ்வளவை வீட்டிலுள்ள சிறுவரும் கண்ணால் அளந்து அறிந்துகொள்வர்.

சீனி, எண்ணெய், உப்பு

ஒருவர் நாளொன்றுக்குப் பெறும் மொத்தக் கலோரியிற் பத்தில் ஒரு பங்கிற்குக் குறைவாகவே சேர்க்கப்பட்ட சீனியிலிருந்து வருதல் வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. 2,000 கலோரி உண்பவருக்கு அது ஏறக்குறைய 50 கிராம். அதிலும் பாதியாகக் குறைத்தல் மேலும் நன்று. இனி, பண்டிகை நாளொன்றைப் பார்ப்போம். ஆறு வீடுகளுக்குச் சென்று, வீட்டுக்கு ஒரு கோப்பைத் தேநீர் அருந்துபவர், கோப்பைக்கு 2 தேக்கரண்டி சீனி வீதம் ஏறக்குறைய 60 கிராம் சீனி உட்கொள்கின்றார். பணியாரம் ஒன்றையேனும் தொடுமுன்னரே எல்லை கடந்துவிடுகின்றது. ஆதலின் தேநீரிற் சீனியைக் குறைத்தல் பண்டிகைப் பத்தியத்தின் முதற்படி ஆகும். விருந்தளிப்போர் சீனியைத் தேநீரிற் கலவாது தனியே வைப்பின், வருபவர் தமக்கு வேண்டிய அளவை இட்டுக்கொள்வர். இதனால் உபசாரத்திற்கு யாதொரு குறையும் வாராது.

வெல்லம், கருப்பட்டி, கித்துள் வெல்லம் ஆகியவை சீனியல்ல, ஆகவே நீரிழிவு உள்ளோர் உண்ணலாம் என்னும் எண்ணம் தவறானது. அவையும் இரத்தத்திற் சீனியின் அளவை உயர்த்துவனவே. போத்தற் பானங்களைப் பொறுத்தவரை, 2016 ஆம் ஆண்டு முதல் இந்நாட்டில் அவற்றின் மேற் சீனியின் அளவைக் காட்டும் நிறக்குறி இடப்படுகின்றது. சிவப்பு மிகுதியையும், செம்மஞ்சள் இடைநிலையையும், பச்சை குறைவையும் உணர்த்தும். எழுத்தறியாதவரும் இக்குறியைக் கண்டு தெரிந்துகொள்ளலாம்.

முறுக்கு, வடை, அதிரசம் யாவும் எண்ணெயிற் பொரிக்கப்படுபவை. அயல்வீட்டுச் சிங்கள மக்கள் அன்போடு தரும் கொக்கிஸ், எண்ணெய்ப் பணியாரம் ஆகியனவும் அவ்வாறே. ஒரு கிராம் எண்ணெய் 9 கலோரியைத் தருகின்றது. ஒரு கிராம் சீனியோ 4 கலோரியே தரும். பலகாரங்கள் அனைத்தையும் ஒவ்வொரு வீட்டிலும் செய்யாது, அயலவர் சேர்ந்து ஆளுக்கொரு வகை செய்து பகிர்ந்துகொண்டால் எண்ணெயும் விறகும் பணமும் மீதப்படும். பொரித்த எண்ணெய் கறுத்து, நுரைத்து, புகைவிடத் தொடங்கின் அதனை மீண்டும் பயன்படுத்தலாகாது. எண்ணெயிற் பொரியாத பலகாரங்களும் பல உள. கொழுக்கட்டை, பிட்டு, இடியப்பம், குரக்கன் மாவாற் செய்த களி, அவித்த கடலை ஆகியவை அத்தகையன.

உப்பு, வளர்ந்தவருக்கு நாளொன்றுக்கு 5 கிராமுக்கு உட்படல் வேண்டும். ஒரு தேக்கரண்டி மட்டமாக எடுத்தால் ஏறக்குறைய அவ்வளவாகும். ஊறுகாய், கருவாடு, முறுக்கு ஆகியவற்றிலுள்ள உப்பும் இதனுள் அடங்கும். பயன்படுத்தும் உப்பு அயோடின் சேர்ந்ததாக இருத்தலும், அது அடுப்பருகே திறந்து வைக்கப்படாது மூடிய பாத்திரத்தில் இருத்தலும் அவசியம்.

தேநீரும் இரத்தமும்

தேயிலை மலைகளின் நடுவே வாழ்வோருக்குத் தேநீர் இன்றியமையாதது. எனினும் உணவோடு சேர்த்து அருந்தும் தேநீர், கீரையிலும் பருப்பிலுமுள்ள இரும்புச்சத்தை உடல் ஏற்காது தடுக்கின்றது. இரத்தச் சோகையுள்ள பெண்களுக்கும் கருவுற்றோருக்கும் இது பெருந் தீங்கு. உணவிற்கும் தேநீருக்கும் இடையே ஒரு மணி நேரமேனும் செல்லல் வேண்டும். மாறாக, உணவோடு தேசிக்காய், தக்காளி, கொய்யா, நெல்லி ஆகியவற்றுள் ஒன்றைச் சேர்த்துக்கொண்டால் இரும்புச்சத்து நன்கு ஏற்கப்படும். தாய் சேய் நல நிலையத்தில் வழங்கப்படும் இரும்புச்சத்து வில்லைகளைத் தேநீரோடு விழுங்குதல் கூடாது. பண்டிகை நாளென்று அவற்றை விட்டுவிடுதலும் கூடாது.

சிறப்பாகக் கவனிக்கப்படவேண்டியோர்

நீரிழிவு உள்ள முதியோர் விருந்தை எண்ணிக் காலை உணவை விடுதலும், மருந்தை நிறுத்துதலும் ஆபத்தானவை. வழமையான நேரத்தில் வழமையான அளவு உண்டு, இனிப்பிற் சிறு துண்டொன்றோடு நிறுத்திக்கொள்ளல் வேண்டும். அவர்மீதுள்ள அன்பினால் மேலும் மேலும் உண்ணும்படி வற்புறுத்துவோர் அவருக்கு நன்மை செய்பவராகார்.

கணவரும் இளைஞரும் மதுபானத்திற்குச் செலவிடும் பணம் பெரும்பாலும் பிள்ளைகளின் முட்டையும் பாலும் ஆகவேண்டிய பணமே. கசிப்பு முதலிய கள்ளச் சாராயத்தினாற் கண்பார்வையும் உயிரும் இழந்தோர் பலர் என்பதை மறத்தலாகாது.

சிறு பிள்ளைகளுக்கு முதலிற் சோறும் பருப்பும் கீரையும் ஊட்டி, அதன் பின்னரே இனிப்புக் கொடுத்தல் வேண்டும். இனிப்பு முந்தினால் உணவு பிந்தும்.

சமைத்ததைப் பேணல்

சமைத்த சோறும் கறியும் 2 மணி நேரத்திற்கு மேல் வெளியே இருத்தலாகாது. சோற்றிற் கொதிக்கும் வெப்பத்திலும் அழியாத நுண்ணுயிர் வித்திகள் உண்டு. ஆறிய சோற்றில் அவை முளைத்து நஞ்சை உண்டாக்குகின்றன. அந்நஞ்சு மீண்டும் சூடாக்கினும் போவதில்லை. தேங்காய்ப் பாலிற் செய்த பாற்சோறும் பொங்கலும் விரைவிற் கெடுவன. ஆதலின் அளவாகச் சமைத்து அன்றே உண்டு முடித்தல் நன்று. மார்கழி, தை மாதங்களின் ஈரத்தில் அரிசி மாவும் நிலக்கடலையும் பூஞ்சணம் பிடிக்கும். பூஞ்சணம் பிடித்த கடலையில் ஈரலைக் கெடுக்கும் நஞ்சு இருக்கக்கூடும். அதனைக் கழுவியோ வறுத்தோ உண்ண முயலாது எறிந்துவிடல் வேண்டும்.

மருந்து தெளித்த மரக்கறி

இது கமக்காரரின் மனச்சான்றைச் சார்ந்தது. பண்டிகை விலையைக் கண்டு, பீடைகொல்லி தெளித்த மறுநாளே போஞ்சியையும் தக்காளியையும் பறிப்போர் உளர். ஒவ்வொரு மருந்தும் தெளித்தபின் அறுவடைக்கு முன் எத்தனை நாள் செல்லல் வேண்டும் என்பது அதன் கொள்கலத்தின் மேல் அச்சிடப்பட்டுள்ளது. 1980 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்கப் பீடைகொல்லிகள் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் கீழ்ப் பதிவுசெய்யப்பட்ட மருந்துகளையே வாங்கி, அச்சுத்தாளிற் கண்டவாறு பயன்படுத்தல் வேண்டும். செடியின் உள்ளே ஊடுருவும் மருந்துகள் நீரிற் கழுவுவதாற் போகா. சந்தைக்கென ஒரு பாத்தியும் வீட்டுக்கென மருந்து தெளியாத வேறொரு பாத்தியும் வைத்திருப்பவர், வாங்குபவர் வீட்டிலும் பிள்ளைகள் உளர் என்பதை எண்ணுதல் வேண்டும். பண்டிகைத் திகதியிலிருந்து பின்னோக்கி எண்ணி, கடைசித் தெளிப்பின் நாளை முன்கூட்டியே குறித்துவைப்பின் இத்தவறு நேராது.

பொங்கலில் விதைத்துச் சித்திரையில் உண்ணல்

தைப்பொங்கலுக்கும் சித்திரை வருடப் பிறப்பிற்கும் இடையே ஏறக்குறைய 90 நாட்கள் உள. வீட்டுத் தோட்டத்திற்கு இது நல்லதொரு கால அட்டவணை.

பொங்கலை ஒட்டிக் கரட் விதைத்தல். ஏறக்குறைய 90 நாளிற் பிடுங்கலாம்.

மாசி முதல் வாரத்திற் போஞ்சி நடுதல். 50 முதல் 60 நாளிற் காய் பறிக்கலாம்.

மாசி இறுதியில் முள்ளங்கி விதைத்தல். 40 முதல் 45 நாளில் ஆயத்தமாகும்.

பங்குனி முதல் வாரத்திற் கீரை விதைத்தல். 3 முதல் 4 வாரத்தில் அரியலாம்.

உயர்ந்த, குளிர் மிக்க இடங்களிற் சில நாட்கள் கூடுதலாகச் செல்லும். லயன் வீடுகளிற் சிறு நிலமே உள்ளோர் பழைய சாக்கில் மண்ணும் கூட்டெருவும் இட்டுக் கீரையும் தக்காளியும் வளர்க்கலாம். தீபாவளிக்குக் கீரை வேண்டுவோர் புரட்டாதியில் விதைத்து, வறட்சி நீங்கும் வரை பாத்திரம் கழுவிய நீரை, சவர்க்காரம் கலவாததாயின், அதற்குப் பாய்ச்சலாம். பாத்திப் பராமரிப்பிற் பிள்ளைகளைச் சேர்த்துக்கொள்ளல் நன்று. தாமே நீர் ஊற்றி வளர்த்த கீரையை அவர்கள் மறுப்பதில்லை.

நினைவிற் கொள்ளவேண்டியவை

1. லொறி வருமுன் வீட்டிற்குரிய மரக்கறியைப் பிரித்து வைக்க.
2. விதைநெல்லையும் விதைப்புச் செலவையும் பண்டிகையில் தொடாதிருக்க.
3. தட்டில் அரைப்பங்கு மரக்கறியாக இருக்கட்டும்.
4. தேநீரிற் சீனியைக் குறைக்க. உணவிற்கும் தேநீருக்கும் இடையே ஒரு மணி நேரம் விடுக.
5. பொரித்த பலகாரத்தை அளவாகச் செய்து அயலாருடன் பகிர்க.
6. நோயாளர் மருந்தையும், கருவுற்றோர் வில்லைகளையும் நிறுத்தாதிருக்க.
7. கடைசி மருந்துத் தெளிப்பின் நாளைக் குறித்து, உரிய நாட்கள் சென்றபின் அறுவடை செய்க.

பயிர்ச்செய்கை பற்றிய ஐயங்களைக் கமநல சேவை நிலையத்திலும், விவசாயப் போதனாசிரியரிடத்தும் கேட்டறியலாம். உணவும் உடல்நலமும் பற்றியவற்றைப் பகுதிக் குடும்பநல மருத்துவ மாதுவிடம் வினவலாம். நிலத்திற்கு எருவிட்டு அதன் வளத்தைக் காக்கும் கமக்காரர் தம் வீட்டாரின் உடல்வளத்தையும் அவ்வாறே காத்தல் வேண்டும். வருடப் பிறப்பன்று புதுநெல்லின் சோறும், தம் கையால் விளைந்த கீரையும், நோயற்ற பிள்ளைகளும் ஒரு பந்தியில் அமர்வதே அவ்வீட்டின் நிறைந்த பண்டிகையாகும்.